8 மீட்டர் ஒலி, அரை மைக்ரான் ஒளி

காருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனால், “எத்தனை வாட்ஸ் வேணும்?” என்று கேட்கிறார்கள். போன் வாங்கப் போனால், “இதுல 200 மெகாபிக்சல் இருக்கு” என்கிறார்கள். எந்த ஊர்க் கடையிலும் பேச்சு இந்த இரண்டு எண்களில்தான் தொடங்குகிறது. ஆனால் பாட்டின் தெளிவும் படத்தின் கூர்மையும் இவற்றால் பெரும்பாலும் தீர்மானமாவதில்லை. இரண்டிலும் கடைசிச் சொல் அலைநீளத்தினுடையது. ஒலியும் அலை, ஒளியும் அலை. வழியில் ஒரு பொருள் குறுக்கிட்டால் அலை அதைச் சுற்றிப் போகுமா, நிழல் விழுமா, ஓட்டைக்குள் நுழைந்தால் எவ்வளவு விரியும் என்பதெல்லாம் அலையின் நீளத்துக்கும் அந்தப் பொருளின் அளவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. வைகை அணையின் நீர்த்தேக்கத்தில் நட்ட ஒரு குச்சியைப் பாருங்கள். நீண்ட அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். சிற்றலைதான் அதில் மோதிச் சிதறும்.

தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி மலைக்கு ஏறும் சாலை இதையெல்லாம் சோதித்துப் பார்க்கத் தோதான இடம். கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லை மலைகள், நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயலும் தென்னையும் திராட்சைப் பந்தலும். பாட்டுக் கேட்டுக்கொண்டு போகவும், இறங்கிப் படம் எடுக்கவும் இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் பாட்டு. இந்தச் சாலையிலிருந்து மேற்கே விலகினால் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிய அவருடைய பாடல்களில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு அடங்குவதில்லை, பாடகரின் மெட்டுக்கு அடியில் தனக்கென ஒரு மெட்டை வாசித்துக்கொண்டே போகும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. வகுத்துப் பார்த்தால் அந்தத் தந்தி எழுப்பும் ஓர் அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். காருக்குள் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தின் நீளமோ இரண்டரை, மூன்று மீட்டர்தான்.

8 மீட்டர் அலை 3 மீட்டர் பெட்டிக்குள் எப்படிக் கேட்கிறது? அங்கே அது அலையாக ஓடுவதே இல்லை. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது கார் முழுவதும் காற்றழுத்தம் ஒரே சமயத்தில் ஏறுகிறது. பின்னே இழுக்கும்போது ஒரே சமயத்தில் இறங்குகிறது. அலையின் பாதி நீளம் காரின் நீளத்தைத் தாண்டும் இடத்தில், அதாவது 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே, இது தொடங்கும். அதற்குக் கீழே சுருதி இறங்க இறங்க, கார் தானாகவே ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. கணக்குப்படி ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் 12 டெசிபல் வரை கூட வேண்டும். கண்ணாடியும் கூரைத் தகடும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் நிஜத்தில் அதைவிடக் குறைவு. ஆனாலும் வீட்டு ஹாலில் பெரிய பெட்டி வைத்தும் கிடைக்காத அடிநாதம் சின்னக் காரில் சுலபமாகக் கிடைப்பதற்குக் காரணம் இந்த இலவச உதவிதான்.

இந்த உதவியை நாமே பாழாக்கும் இடம் ஒன்று உண்டு. அது கதவு. கார் மியூசிக் சிஸ்டத்தை மேம்படுத்த நினைக்கிற எல்லோரும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான், பெரும்பாலானவர்கள் கடைசியில்கூடக் கவனிக்காததும் இதைத்தான்.

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே கணத்தில் பின்னால் காற்றை நெகிழ்த்துகிறது. முன்புறம் மேடு, பின்புறம் பள்ளம். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கதவின் உள் அலங்காரப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். உள் தகட்டில் கையை நுழைக்கும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும்; கண்ணாடி ஏற்றும் மோட்டாரைப் பழுதுபார்க்க விட்டவை. அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும் ஒட்டியிருக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீட்டர். ஸ்பீக்கரின் பின்புறத்திலிருந்து அந்த ஓட்டை வழியாக முன்புறம் வர ஒன்றோ ஒன்றரையோ அடிதான் தூரம். 3.4 மீட்டர் அலைக்கு அது ஒரு தூரமே இல்லை. பள்ளம் சுற்றி வந்து மேட்டை நிரப்பிவிடுகிறது, பேஸ் செத்துப்போகிறது. 3,000 ஹெர்ட்ஸ் அலையோ 11 சென்டிமீட்டர்தான். அது இப்படி ஒழுங்காக வளைந்து வந்து தன்னைத் தானே அழித்துக்கொள்ளாது. அதனால்தான் கம்பெனி ஸ்பீக்கரில் குரல் தெளிவாகவும் தவில் சொத்தையாகவும் கேட்கிறது.

இதற்கு மருந்து ஆம்ப் கிடையாது. அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட்டை வாங்கி அந்த ஓட்டைகளை மூடி, வெளித் தகட்டின் உட்புறத்திலும் ஆங்காங்கே ஒட்டி உருளையால் அழுத்த வேண்டும். ஸ்பீக்கர் வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஸ்பாஞ்ச் பட்டை வைத்து இடைவெளியை அடைக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் விரல் முட்டியால் கதவைத் தட்டிப் பாருங்கள். முதலில் ‘டங்’ என்று நீண்டு ஒலித்தது, பிறகு ‘தொப்’ என்று நின்றுவிடும். அந்த ‘டங்’, பாட்டு ஓடும்போதெல்லாம் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்த தகட்டின் குரல். ஒரே எச்சரிக்கை: கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். அவற்றை மூடிவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளேயே நின்று கதவு துருப்பிடிக்கும்.

இனி வாட்ஸுக்கு வருவோம். ஆம்ப்பின் திறனை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடுகிறது. காதுக்கு அது சிறிய வித்தியாசம். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு திறன். இதற்கு எதிர்ப்பக்கம் சாலையின் இரைச்சல் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணக் காருக்குள் டயரும் காற்றும் சேர்ந்து 65லிருந்து 70 டெசிபல் வரை இரைகின்றன. வேகத்தை 60க்குக் குறைத்தால் டயர் இரைச்சல் ஏறக்குறைய 3, 4 டெசிபல் குறைகிறது. 40 வாட்ஸ் ஆம்ப்பைக் கழற்றிவிட்டு 80 வாட்ஸ் மாட்டிய பலன், பைசா செலவில்லாமல் கிடைத்துவிட்டது.

இரைச்சலின் கொடுமை வேறு விதத்திலும் உண்டு. தாழ்ந்த சுருதியில் இருக்கும் இரைச்சல் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் காதுக்குள்ளேயே மறைத்துவிடும். தலைகீழாக நடப்பது குறைவு. ஆகவே டயரின் உறுமல் முதலில் விழுங்குவது, புல்லாங்குழலில் ஊதும் மூச்சு, வீணைத் தந்தி மீட்டியபின் தேயும் நாதம், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே பின்னால் நகரும் வயலின் கூட்டம் போன்ற மெல்லிய சங்கதிகளை. இளையராஜாவின் பாட்டில் உயிர் பாதி அங்கேதான் இருக்கிறது. அவற்றை மீட்க வால்யூமை ஏற்றினால் காது களைத்துப்போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அதில் பாதி நேரம்தான் தாங்கும் என்பது கேள்திறன் காப்போர் பின்பற்றும் கணக்கு. சத்தத்தைக் கூட்டுவதைவிட இரைச்சலைக் குறைப்பதே நல்ல வழி.

மெல்லிய சமிக்ஞையைக் கேட்க இரைச்சலை விலக்குவது என்ற இந்த எண்ணத்தின் உச்சபட்ச வடிவம் இதே தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்டது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரம் அருகே, இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. விண்ணிலிருந்து கொட்டும் மற்றத் துகள்களின் ‘இரைச்சலை’ வடிகட்ட, கருவிக்கு மேலே எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை வேண்டும் என்பதே அந்த மலையைத் தேர்ந்ததற்குக் காரணம். மலையையும் தண்ணீரையும் நினைத்து மக்கள் எதிர்த்தார்கள், ஆய்வகம் கட்டப்படவில்லை. அந்த எதிர்ப்பின் நியாயங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே மனத்தில் கொள்ள வேண்டியது, கருவியைப் பெரிதாக்கும் முன் அமைதியான இடம் தேட வேண்டியிருந்தது என்பதைத்தான்.

காருக்குள் திரும்புவோம். ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வலது ஸ்பீக்கர் கிட்டத்தில், இடது ஸ்பீக்கர் அதைவிட 45 சென்டிமீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக இடது ஒலி 1.3 மில்லிநொடி தாமதமாக வரும். இது எவ்வளவு பெரிய தாமதம் தெரியுமா? இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தில் மில்லிநொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே நம் மூளை கண்டுபிடித்துவிடும். எனவே நட்டநடுவில் நிற்க வேண்டிய பாடகர் வலது கதவுக்குள் போய் நின்றுகொள்கிறார். இப்போது பல ஹெட் யூனிட்களில் டைம் அலைன்மென்ட் என்ற வசதி இருக்கிறது. டேப் வைத்து இரண்டு தூரங்களையும் அளந்து, வித்தியாசத்தை 34ஆல் வகுத்து, வலது ஸ்பீக்கரை அத்தனை மில்லிநொடி தாமதப்படுத்தினால், பாடகர் கண்ணாடிக்கு நேரே டாஷ்போர்டின் மேல் வந்து நிற்பார். முதன்முறை கேட்பவருக்கு அது மாயம்போலவே இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் நிலைமை முன்பைவிட மோசமாகும். தனியாக ஓட்டும்போது ஒன்று, குடும்பத்தோடு போகும்போது ஒன்று என இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைப்பது நல்லது.

காது திசையைக் கண்டுபிடிக்கும் இந்த வித்தையை 1907இல் தெளிவாக விளக்கியவர் ஆங்கில இயற்பியலாளர் ரேலி. நம் தலையின் அகலம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமும் அதே அளவு. அதைவிடக் குட்டை அலைக்குத் தலை ஒரு சுவர். அப்பால் உள்ள காதில் ஒலிநிழல் விழுகிறது, மூளை சத்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. அதைவிட நீண்ட அலை தலையைச் சுற்றிப் போய்விடுகிறது. அப்போது மூளை நேர வித்தியாசத்தை நம்புகிறது. மிகத் தாழ்ந்த ஒலியில், மூடிய அறைக்குள், இரண்டுமே கைகொடுப்பதில்லை. சப்-வூஃபரை டிக்கியில் வைத்தாலும் பேஸ் முன்னாலிருந்து வருவதுபோல் தோன்றுவதன் ரகசியம் இதுதான்.

இதே ரேலிதான், இதற்கு 28 ஆண்டுகளுக்கு முன், 1879இல், ஒரு லென்ஸ் எவ்வளவு நெருங்கிய இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்ற எல்லையையும் வகுத்தவர். அதற்கும் முன், 1871இல், வானம் ஏன் நீலம் என்பதைக் கணக்கிட்டவர். மூன்றும் வெளியானது ‘ஃபிலசாபிகல் மேகசின்’ என்ற ஒரே லண்டன் இதழில். 1906 நவம்பரில் அதே இதழில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவரின் கட்டுரை வந்தது. செவ்வகத் திறப்பின் வழியே சாய்வாக வரும் ஒளி எப்படி வரிவரியாக விரிகிறது என்பது பற்றி. எழுதியவர் சி.வி. ராமன், வயது 18. அவரும் ரேலியைப் போல ஒலியையும் ஒளியையும் ஒருசேர நேசித்தவர். மிருதங்கத் தோலின் நடுவே உள்ள கரும்பூச்சான கரணை எப்படித் தோலின் முரட்டு அதிர்வுகளைச் சுருதிக்கு அடங்க வைக்கிறது என்பதை 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அலை ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதும் பாதி புரிந்துவிடுகிறது.

ராமன் ஆராய்ந்த அந்த விரிவுதான் உங்கள் கேமராவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான், ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று. எவ்வளவு உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் காட்டாது, ஒரு சின்ன வட்டமாகத்தான் காட்டும். வட்டத்தின் விட்டம் அலைநீளத்தையும், லென்ஸ் துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண்ணையும், 2.44ஐயும் பெருக்கினால் வரும். எஃப் 8இல் அது ஏறக்குறைய 11 மைக்ரான். எஃப் 22இல் 30 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான்தான். ‘துளையைச் சுருக்கினால் எல்லாம் ஷார்ப்பாக வரும்’ என்று நம்பி எஃப் 22இல் எடுத்தால், முன்னால் உள்ள பந்தலும் பின்னால் உள்ள மலையும் இரண்டுமே ஃபோகஸில் இருக்கும், இரண்டுமே ஏழு பிக்சல் அகலத்துக்கு மழுங்கியிருக்கும். எஃப் 5.6க்கும் 8க்கும் நடுவில் நிற்பதே பெரும்பாலான லென்ஸ்களுக்கு நல்லது.

200 மெகாபிக்சல் போன்? அதன் பிக்சல் 0.6 மைக்ரான், லென்ஸ் எஃப் 1.7 அளவில். ஒளிவட்டத்தின் விட்டம் 2.3 மைக்ரான். ஒரு வட்டத்துக்குள் குறுக்கே நான்கு பிக்சல்கள். அதனால்தான் இந்தப் போன்கள் சாதாரணமாக 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன. சேர்த்த பிக்சலின் அகலம் 2.4 மைக்ரான். செய்தவர்களுக்குக் கணக்குத் தெரியும். விளம்பரம்தான் அதைச் சொல்வதில்லை.

ஓடும் காரிலிருந்து படம் எடுப்பதையும் கணக்காகவே பார்க்கலாம் (ஓட்டுபவர் எடுக்க வேண்டாம்). 60 கிலோமீட்டர் வேகத்தில், ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடி திறந்தால், கார் 1.7 சென்டிமீட்டர் நகர்கிறது. சாலையிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருக்கும் பந்தல் கல்தூண், போனின் சென்சாரில் 20 மைக்ரான், அதாவது சேர்த்த பிக்சல் கணக்கில் ஏறக்குறைய எட்டு பிக்சல் இழுபடும். 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேகமலைச் சரிவோ ஒரு பிக்சலில் ஐம்பதில் ஒரு பங்குகூட நகராது. மலையைக் கெடுப்பது காரின் வேகம் இல்லை, அதிர்வு. போனைக் கண்ணாடியிலோ கதவிலோ சாய்க்காமல் கையில் தளர்வாகப் பிடித்தால், முழங்கை அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

இறங்கி எடுத்தால் அடுத்த எதிரி காற்று. தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழையும் நான்கு பெரிய மலைவாசல்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ட்ரைபாடையும் ஆட்டும். நடுத்தண்டை உயர்த்தாமல், பையை அதன் கொக்கியில் தொங்கவிட்டு, இரண்டு நொடி டைமர் வைத்து எடுங்கள். இலையோ கதிரோ ஆடினால் ட்ரைபாடால் பயனில்லை. ஐஎஸ்ஓவை ஏற்றி ஷட்டரை ஐந்நூறில் ஒரு நொடிக்குக் கொண்டுபோக வேண்டும். படத்தில் கொஞ்சம் மணல்போல் புள்ளிகள் விழுந்தால் விழட்டும். மணலைப் பிறகு குறைக்கலாம், இழுபட்டதை யாராலும் நேராக்க முடியாது.

தொலைவு மலைக்கு இன்னொரு தடை உண்டு, அதற்கு எந்த லென்ஸும் மருந்தாகாது. நீலமாகத் தெரிவது மலையில்லை. நமக்கும் மலைக்கும் நடுவில் உள்ள காற்று. அலை எவ்வளவு குட்டையோ அவ்வளவு அதிகமாகச் சிதறும், அதுவும் நான்காம் அடுக்கில், என்பதுதான் ரேலியின் 1871 கணக்கு. 0.45 மைக்ரான் நீலம் 0.65 மைக்ரான் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்கள் சிவப்பு ஃபில்டர் போட்டதும் மலை வரிகள் துலங்குவது இதனால்தான். கடலின் நீலத்தையும் வானத்தின் பிரதிபலிப்பு என்றே ரேலி நினைத்தார். இல்லை, தண்ணீரே ஒளியைச் சிதறுகிறது என்று 1921இல் கப்பலில் வந்துகொண்டே மறுத்தவர் ராமன். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நாம் செய்யக் கூடியது நேரத்தைத் தேர்வதுதான். ஐப்பசி மழை தூசியைக் கழுவிய மறுநாள் காலை, வெயில் தரையைச் சுடுவதற்கு முன். பத்து மணிக்கு மேல் சூடான காற்று குமிழ்குமிழாக எழுந்து ஒளியை வளைக்கும். பெரிய டெலி லென்ஸ் அந்தத் தள்ளாட்டத்தையும் சேர்த்தே பெரிதாக்கும்.

கிட்டத்தில் இருப்பதை எடுப்பது இன்னும் கடினம், இன்னும் அழகு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையை ஒரு மேக்ரோ லென்ஸால் பாருங்கள். கருநீலப் பழத்தின் மேல் மாவு பூத்தாற்போல ஒரு வெண்மை படர்ந்திருக்கும். விரல் பட்ட இடத்தில் அது அழிந்து தோல் பளபளக்கும். பழத்தை நிஜ அளவிலேயே சென்சாரில் விழவைத்தால், எஃப் 8இல் ஃபோகஸ் ஆழம் ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். உருண்டையின் முன்முனை கூர்மையாக இருந்தால் விளிம்பு கரைந்துவிடும். துளையைச் சுருக்கவும் வழியில்லை, அலை விரிந்துகொள்ளும். கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் கூர்மையான பட்டையை மட்டும் மென்பொருளால் இணைப்பதுதான் இன்றைய வழி. காற்றில்லாத காலையில், காம்பை ஒரு கிளிப்பால் பிடித்துவைத்து எடுக்க வேண்டும்.

அந்த வெண்மைக்கு நிறமி எதுவும் இல்லை. அது பழம் தானே சுரந்த மெழுகு. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கிய நுண்தகடுகள். தகடுகளின் அளவு ஒளியின் அலைநீளத்தை ஒட்டியது. அதனால் எல்லா நிறத்தையும் எல்லாப் பக்கமும் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. தகடுகளைத் தனித்தனியாகப் பார்க்க எந்தக் கேமரா லென்ஸாலும் முடியாது. ரேலி வகுத்த எல்லைக்கு அப்பால் இருக்கின்றன அவை. அதற்கு ஒளியையே விட்டுவிட்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். அங்கேயும் அலைதான் வேலை செய்கிறது. ஆனால் அந்த எலெக்ட்ரான் அலை, பச்சை ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு குட்டை.